கண்ட்ரோலருக்குள்ளே எந்த பார்ட் போடணும்?



மேலே நான் வரைந்திருப்பது டப்பா இல்லை, சிரிக்காதீங்க. தலை உப்பிப்போன ஒரு கெப்பாசிட்டர். என் அப்பா கம்பெனியில் பேனல் ரிப்பேர் செய்பவர். சென்சார் சொல்வதைக் கேட்டு மோட்டாரையும் வால்வையும் தானாகவே இயக்கும் பெட்டிக்குக் கண்ட்ரோலர் என்று பெயர். அப்படி ஒன்று ராத்திரி 2 மணிக்கு நின்றுபோய், அப்பாவைக் கூப்பிட்டாங்க. உள்ளே இதுதான் கெட்டிருந்தது.

இதன்மேல் 85° என்று போட்டிருக்கு. 85 டிகிரி சூட்டில் 2000 மணி நேரம் உழைக்கும் வகை. சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். எண்ணூர் வெயிலில் மூடிய பேனலுக்குள் 65 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 2000 × 2 × 2 = 8000 மணி. வருஷத்துக்கு 8760 மணி. ஒரு வருஷம்கூட வராது! அதே 2000 மணி வகையில் 105° வாங்கினால் 32,000 மணி, மூன்றரை வருஷத்துக்கு மேல். விலை கொஞ்சம்தான் கூட. வாங்குறவங்க அதைத்தான் பார்க்கிறாங்க, முழிச்சிருக்கிறது அப்பா.

சிப்பிலும் இப்படித்தான். சாதாரண வகை 0 முதல் 70 டிகிரி வரை, தொழிற்சாலை வகை மைனஸ் 40 முதல் 85 வரை. நம்ம பக்கம் உப்புக்காத்து வேற. அதனால் போர்டுமேல் வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு அடித்ததாக வாங்கணும்.

26.12.2023 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா பரவியது ஞாபகம் இருக்கா? அது கடலுக்கடியில் போகும் குழாய் சேதமானதால் வந்தது. பார்ட்டால் இல்லை. ஆனால் என் அத்தை குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஓடினதைக் கேட்டபிறகுதான், வாயு கசிந்தால் சென்சார் எப்படிச் சொல்லும் என்று அப்பாவிடம் கேட்டேன்.

சென்சார் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை மின்சாரம் அனுப்புமாம். வாயுவே இல்லை என்றாலும் 4 வரும். ஏன் 0 இல்லை? 0 வந்தால் ஒயர் அறுந்துவிட்டது என்று அர்த்தம்! இல்லாவிட்டால் அறுந்த ஒயரையும் "வாயு இல்லை" என்று கண்ட்ரோலர் நம்பிவிடும். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. அமோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும், அதனால் அங்கே ஒயர் மாட்டும் முனைகளையும் பார்த்து வாங்கணும்.

வால்வும் அப்படித்தான். கரண்ட் இருக்கும்வரை திறந்திருக்கும், போனால் ஸ்பிரிங் மூடிவிடும் வகையைப் போடுவாங்களாம்.

கெப்பாசிட்டர் என் பையில் இருக்கு. மத்தியானம் வந்து பார்க்கலாம். பிரிக்க மட்டும் கூடாது, உள்ளே இருக்கிற திரவம் கையில் படக்கூடாது.

— 9-ஆம் வகுப்பு மாணவி