உடனிருந்து உதவுவோரின் கல்வி

சென்ற பருவத்தில் எங்கள் இரசாயன ஆய்வுக்கூடத்தில் நான் செய்த பிழை ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இக்கட்டுரையை எழுதத் தோன்றியதே அதனால்தான்.

இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர், பீகாரிலிருந்து வந்தவர். பார்வை மிகக் குறைவு. எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தால் படிப்பார். ஆனால் கண்ணாடிக் குழாயில் பொறித்த கோடுகளும், கரைசலின் நிறம் மாறும் கணமும் அவர் கண்ணுக்கு எட்டா. வாரத்தில் ஒரு நாள் செய்முறை வகுப்பில் அவருடன் நிற்குமாறு துறையில் என்னைப் பணித்தார்கள். என்ன தகுதி என்று என்னை எவரும் கேட்கவில்லை. அன்று பிற்பகல் எனக்கு வகுப்பு இல்லை, அதுவே தகுதியாயிற்று.

அவர் என்னைப் ‘பையா’ என்று அழைப்பார். இந்தியில் அதற்கு அண்ணா என்று பொருள். முதல் நாள் நம்மூர்ச் செவி சற்றுத் திடுக்கிட்டது உண்மைதான்.

அன்று தரம்பார்த்தல் சோதனை. கூம்புக்குடுவையில் அமிலமும் இரண்டு துளி பீனால்ப்தலீனும். மேலே பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு. காரம் சொட்டும்போது கரைசல் ஒரு கணம் இளஞ்சிவப்பாகும். குடுவையைச் சுழற்றினால் நிறம் மறையும். மறையாமல் அரை நிமிடம் நின்றால் அதுவே முடிவு நிலை. ஒரு சொட்டு என்பது ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர். ஓரிரு சொட்டு மிகுந்தாலும் போதும், சோதனையை மறுபடி தொடங்க வேண்டியதுதான். திருகு அவர் கையில். பார்க்கும் கண் என்னுடையது. நிறம் நின்றதைக் கண்டதும் வாயால் சொல்வதற்கு முன்னரே நான் கையை நீட்டித் திருகை மூடிவிட்டேன். அளவு மிகத் துல்லியமாக வந்தது. எனக்கு ஒரே பெருமை. அவரோ அதைக் குறிப்பேட்டில் எழுதாமல் நின்றார். “பையா, அளவு சரிதான். ஆனால் அது உங்களுடையது” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. பலமுறை பலரிடம் சொல்லிச் சலித்தவர் சொல்வது போல இருந்தது. பள்ளியில் பதினோராம் வகுப்பில் விஞ்ஞானப் பிரிவு கேட்டபோது, பார்வை குறைந்தவருக்குச் செய்முறை எப்படி என்று தடுத்தார்களாம். போராடித்தான் அப்பிரிவில் சேர்ந்திருக்கிறார். இங்கே வந்தபின் பிறர் எடுத்த அளவைத் தன் பெயரில் எழுதுவதானால் இவ்வளவு பாடு எதற்கு? அரசியல் பாடத்துக்கு மாறிவிடலாமா என்றும் அவர் எண்ணியிருந்ததைப் பிற்பாடு அறிந்தேன்.

குடுவையைக் கழுவி மீண்டும் தொடங்கினோம். நான் நிறத்தைச் சொல்லவேண்டும்; நிறுத்துவது அவர். இதில் எனக்கொரு சங்கடம். ‘குலாபி’ என்ற ஒரு சொல்லைத் தவிர இளஞ்சிவப்பின் படிகளைச் சொல்ல என் இந்தியில் இடமில்லை. வழி சொன்னவர் அவரே: நிறத்தை வருணிக்க வேண்டாம், அது மறைய எத்தனை நொடி ஆகிறது என்று மட்டும் எண்ணிச் சொல்லுங்கள் என்றார். எண்கள் எனக்குத் தெரியும். ஒன்று என்றேன், பிறகு இரண்டு, பிறகு ஐந்து. நொடிகள் கூடக்கூட அவர் விரல் திருகில் மெதுவாயிற்று. கடைசிச் சொட்டை அவரே நிறுத்தினார். ஒன்றோடொன்று ஒத்த மூன்று அளவுகள் அன்று கிடைத்தன. மூன்றையும் அவர் எழுதிக்கொண்டார்.

இப்படி உடன் நிற்பவர் கற்றிருக்க வேண்டியது என்ன? அதைச் சட்டமோ விதியோ எங்கேனும் வகுத்திருக்கிறதா? தேடிப் பார்த்தேன்.

பட்டமும் பதிவும் உள்ளவர்கள் சிலர் உண்டு. 1992-இல் நிறைவேறிய இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம், சிறப்பு ஆசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், நடமாட்டப் பயிற்சியாளர், மறுவாழ்வு ஆலோசகர் முதலிய தொழிலினரைப் பட்டியலிட்டு, அவர்களுக்கு மத்தியப் பதிவேடு ஒன்றை ஏற்படுத்தியது. பதிவு பெறாமல் அத்தொழில் செய்வோருக்கு ஓராண்டு வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க அதில் இடம் வைத்தார்கள். தேர்வு எழுதித் தருபவரும் ஆய்வுக்கூட உதவியாளரும் அப்பட்டியலில் இல்லை.

அடுத்தது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளை இது 21 ஆக்கியது. அரசினுடையதும் அரசு உதவி பெறுவதுமான உயர்கல்வி நிலையங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இடம் ஒதுக்கச் சொன்னது. இது பெரிய கதவு என்பதில் ஐயமில்லை. ஆனால் 17-ஆம் பிரிவைப் பாருங்கள். உதவிப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருக, வள மையங்கள் அமைக்க என்று வரும் இடங்களில், ‘பள்ளிக் கல்வியின் எல்லா நிலைகளிலும்’ என்று எல்லை கட்டிவிட்டார்கள். கல்லூரிகளுக்கு வேறொரு பிரிவில், 47-இல், ஆசிரியர்களின் கல்வியில் இப்பொருளையும் ஒரு பகுதியாகச் சேர்க்குமாறு சொல்லியதோடு சரி. பள்ளியில் பயிற்சி பெற்றவர் துணை நிற்க, கல்லூரியிலோ பிற்பகல் ஓய்வாக இருப்பவர் துணை நிற்கிறார்!

பல்கலைக்கழக மானியக் குழு 11-ஆம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (2007–2012) கல்லூரிகளில் இதற்கெனப் பிரிவுகள் அமைக்க உதவிப்பணம் தந்தது. ஆனால் அப்பிரிவை நடத்துபவர் பெரும்பாலும் வேறு பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரே. தம் பணியோடு சேர்த்து இதையும் சுமப்பார். 2017 டிசம்பர் 15-இல் உச்ச நீதிமன்றம், ஒதுக்கீட்டை உயர்கல்வி நிலையங்கள் நிறைவேற்றியாக வேண்டும் என்று ஆணையிட்டதோடு, கற்பிக்கும் முறையைப் பற்றியும் மானியக் குழு ஆராயவேண்டும் என்றது. நுழைவாயில், சாய்தளம், இட எண்ணிக்கை ஆகியவை குறித்து இதனால் கேள்வி கேட்க முடிகிறது. அருகில் நிற்கும் ஆளைக் குறித்துக் கேட்பவர் குறைவு.

ஒரே ஓர் இடத்தில் அந்த ஆளின் தகுதியைப் பற்றி அரசு மிக நுணுக்கமாகப் பேசியிருக்கிறது. அது தேர்வு மண்டபம். 2013 பிப்ரவரியில் மத்திய சமூக நீதி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், எழுதித் தருபவருக்குக் கல்வித் தகுதி, மதிப்பெண், வயது என்று கட்டுப்பாடு எதுவும் வைக்க வேண்டாம். அதற்குப் பதில் கண்காணிப்பைப் பலப்படுத்துக என்றன. ஐந்தே ஆண்டில் எண்ணம் மாறிற்று. 2018 ஆகஸ்டு நெறிகளின்படி, தேர்வு எழுதுபவர் தாமே ஆளை அழைத்து வந்தால் அந்த ஆளின் படிப்பு அவர் படிப்பைவிட ஒரு படி குறைந்திருக்க வேண்டியிருந்தது. எழுத வந்தவரே விடையையும் சொல்லிவிடுவார் என்ற அச்சம், வேறென்ன? மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் என்பது மட்டும் இரண்டிலும் மாறவில்லை.

அச்சத்தை நான் குறை சொல்லவில்லை. திருகை மூடிய கை என் கையாயிற்றே! ஆயினும், ‘குறைவாகப் படித்தவர்’ என்பதைத் தகுதியாக வைத்தால் விஞ்ஞானத் தேர்வில் என்ன ஆகும்? தேர்வு எழுதுபவர் ‘எக்ஸ் கூட்டல் ஒன்றின் வர்க்கம்’ என்கிறார். வர்க்கம் ஒன்றுக்கு மட்டுமா, கூட்டுத்தொகை முழுவதற்குமா? அடைப்புக்குறி எங்கே என்று திருப்பிக் கேட்கத் தெரியாதவர் எதையோ எழுதி வைப்பார். இரசாயனத்தில் இன்னும் மோசம். ‘சி’யும் ‘ஓ’வும் சேர்ந்து, இரண்டாவது எழுத்துச் சிறியதாயின் கோபால்ட் என்னும் உலோகம், இரண்டும் பெரியதாயின் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு. சொன்னவருக்குத் தெரியும், எழுதியவருக்குத் தெரியாது, மதிப்பெண் இழப்பவர் சொன்னவரே.

இந்த உதவி யாருக்கு உரியது என்ற வழக்கும் நீதிமன்றம் வரை சென்றது. கை எழுத வராத நோயுடைய ஒருவருக்கு, 40 விழுக்காட்டு ஊனச் சான்று இல்லை என்று எழுதுபவரை மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பு செல்லாது என்றது. 2022 ஆகஸ்டில் அத்தகையோர்க்கெனத் தனி நெறிகளும் வந்தன. உதவி பெறுவோர் பெருகினர் என்றால் உதவுவோரும் பெருகியாக வேண்டும் அல்லவா?

செவிப்புலன் குறைந்தோர் நிலை ஒரு வகையில் மேல். 2015-இல் டில்லியில் அமைந்த இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சிப் பயிற்சி மையம் மொழிபெயர்ப்பாளருக்கு இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. அதன் சைகை அகராதி 2018-இல் 3,000 சொற்களோடு தொடங்கி 2021-இல் 10,000-ஐ எட்டியது. அப்படிப் படித்து வந்தவரும் வெப்ப இயக்கவியல் வகுப்பில் ‘எந்திரோபி’ என்ற சொல்லைக் கேட்டு விழிக்க நேரலாம். மொழி அறிந்தவருக்குப் பாடம் வேண்டும்; பாடம் அறிந்த எனக்கோ மொழி வேண்டியிருந்தது. பிரெய்ல் எழுத்திலும் இதே கதைதான். 1951-இல் ஏற்ற பாரதி பிரெய்லில் தமிழ்க் ‘க’வுக்கும் இந்திக் ‘க’வுக்கும் புள்ளிகள் ஒன்றே. (பேருந்துப் பலகையைப் படிக்க நாம் இரண்டு மாதம் பட்ட பாட்டை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது!) ஆனால் அதை அறிந்தவர் சமன்பாட்டையும் பெயர்த்துத் தருவார் என்று நம்ப முடியாது, கணிதக் குறிகளுக்கு நெமத் முறை போன்ற தனிக் குறியீடு உண்டு. பார்வையற்ற கணித அறிஞரான ஆபிரகாம் நெமத் வகுத்த அது 1952-இல் வெளியாயிற்று.

எனவே துறைத்தலைவரிடம் இரண்டு பக்க விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். உடன் நிற்பவர் அந்தப் பாடத்தைப் படித்தவராக இருக்கட்டும். அதே சமயம் கண்டதைச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளப் பழகியவராக இருக்கட்டும். முன்னது எங்கள் வகுப்பில் பலரிடம் உண்டு. பின்னதைப் பட்டயப் படிப்பால்தான் பெறவேண்டும் என்பதில்லை. நான்கைந்து பிற்பகல்கள் பயிற்சி போதும் என்பது என் அனுபவம். பயிற்சி முடிந்தவரைச் சோதித்துத் தேறினார், தேறவில்லை என்று சொல்லும் பொறுப்பை மாற்றுத்திறனாளி மாணவர்களிடமே விடவேண்டும் என்றும் எழுதினேன். இந்த வரியைப் படித்ததும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னை ஒருமுறை பார்த்தார். “யோசிப்போம்” என்றார்.

விண்ணப்பத்தின் நகலை இளைய நண்பருக்கு வாசித்துக் காட்டினேன். தாமே தேர்வாளராயின் அன்று எனக்கு முதல் சோதனையில் பூஜ்யம், இரண்டாவதில் தேர்ச்சி என்றார். அவர் இன்னும் இரசாயனத்தில்தான் இருக்கிறார். அடுத்த மாதம் செய்முறைத் தேர்வு. அன்று அவருடன் நிற்பவர் யார் என்பதைத் துறை இன்னும் அறிவிக்கவில்லை. நான் முதுகலை மாணவன் ஆதலால் எழுத்துத் தேர்வில் அவருக்கு எழுதிக் கொடுக்க முடியாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். செய்முறைத் தேர்வுக்கும் அதே விதிதானா என்று கேட்டதற்குக் கோப்பைப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் நாங்கள் நொடி எண்ணிக்கொண்டிருக்கிறோம்.