தென்னையில் பட்ட காயம் ஏன் ஆறுவதில்லை?

மாமரத்தில் அரிவாள் பட்டால், ஓரங்களிலிருந்து புதுப்பட்டை வளர்ந்து நாளடைவில் காயத்தை மூடிவிடும். மரம் ஏறுவதற்காகத் தென்னையில் கொத்திய படியோ, மரம் சாயும் நாள்வரை அப்படியே இருக்கும். ஒரே தோட்டத்தில், ஒரே கிணற்றுத் தண்ணீரில் வளரும் இரு மரங்களுக்குள் இந்த வேறுபாடு ஏன்? இதை அறிந்துகொண்டால், காய்க்கும் மரங்களை வீணாக இழக்காமல் காப்பாற்றலாம்.

இருவகைக் குழாய்கள்

மரம் முழுவதும் செல்கள் எனப்படும் நுண்ணிய அறைகளால் ஆனது. ஒரு வேலைக்கென ஒன்றாக அமைந்த செல்களின் கூட்டமே திசு. மண்ணிலுள்ள நீரையும் அதில் கரைந்த சத்துக்களையும் வேரிலிருந்து இலைக்கு ஏற்றுவது சைலம் என்ற திசு. இதன் குழாய்கள் உயிரற்றவை. செல்லின் உள்ளே இருந்தது மறைந்து, சுவர் மட்டும் எஞ்சியவை. இலையில் தயாராகும் சர்க்கரையை வேருக்கும் காய்க்கும் எடுத்துச் செல்வது புளோயம். இது உயிருள்ள திசு.

மாமரத்தில் கேம்பியம்

மாமரத்தில் சைலம் உட்புறக் கட்டையாகவும், புளோயம் பட்டையின் உட்பகுதியாகவும் உள்ளன. இரண்டிற்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய வளர்திசு வளையமாக இருக்கிறது. இதன் செல்கள் பிரிந்து, உட்புறம் கட்டையையும் வெளிப்புறம் பட்டையையும் சேர்க்கின்றன. மரம் பருப்பதும், காயம் மூடுவதும், ஒட்டு பிடிப்பதும் இதனால்தான். ஒட்டுக்கட்டும்போது நாற்றும் ஒட்டுக்குச்சியும் ஒரே பருமனாக இல்லாவிட்டால், ஒரு பக்கத்திலாவது இரண்டின் பட்டை ஓரமும் நேராகப் பொருந்த வேண்டும்.

ஆனால் மரத்தைச் சுற்றிலும் பட்டை உரிந்தால் ஆபத்து. ஆடு கடித்தாலும், வேலிக்கம்பி இறுக்கினாலும் புளோயம் அறுபட்டு, வேருக்கு உணவு போகாது. கட்டை வழியாக நீர் ஏறுவதால் இலைகள் சிறிது காலம் பசுமையாகவே இருக்கும். பிறகு வேர் பட்டினியால் நலிந்து, மரம் பட்டுப்போகும்.

தென்னையின் அமைப்பு வேறு

தென்னை, நெல்லையும் கரும்பையும் போல ஒருவித்திலைத் தாவரம். இதன் தண்டில் சைலமும் புளோயமும் சேர்ந்த சிறு கற்றைகள் எங்கும் சிதறிக் கிடக்கின்றன. அறுத்த தென்னங்கட்டையில் புள்ளி புள்ளியாகத் தெரிபவை இவையே. தென்னைக்குக் கேம்பியம் கிடையாது. ஆகவே காயம் மூடாது; ஒட்டுக்கட்டவும் இயலாது. ஒருமுறை அமைந்த தண்டு, பின்னர் மாமரம் போல ஆண்டுதோறும் பருப்பதும் இல்லை. வறட்சியில் சிறுத்துப்போன பகுதி, பின்னர் எவ்வளவு உரமிட்டாலும் சிறுத்தே நிற்கும்.

திறந்த காயத்தின் வாடை சிவப்புக் கூன்வண்டை இழுக்கிறது. அது இட்ட முட்டையிலிருந்து வரும் புழு, தண்டைக் குடைந்து தின்கிறது. சாறு வடியும் நோய்க்கான பூஞ்சணமும் வெடிப்பு, காயங்கள் வழியே நுழைகிறது. தென்னையின் வளரும் நுனி உச்சியிலுள்ள குருத்து ஒன்றே. அது அழிந்தால் மரமும் போயிற்று.

செய்ய வேண்டியவை

* தென்னையில் படி கொத்தவோ, ஆணி அடிக்கவோ கூடாது. ஏறுவதற்குத் தளைக்கயிறு அல்லது மரம் ஏறும் கருவியைப் பயன்படுத்தலாம்.

* பச்சை மட்டைகளை வெட்டக் கூடாது. வெட்டியே ஆகவேண்டுமானால், தண்டிலிருந்து 120 செ.மீ. நீளம் விட்டு வெட்ட வேண்டும்.

* உழும்போது ஏர், டிராக்டர் தண்டில் உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

* சாறு வடியும் இடத்தில் அழுகிய பகுதியைச் செதுக்கி எடுத்துவிட்டு, போர்டோ பசை பூச வேண்டும்.

போர்டோ பசை தயாரிக்க, மயில்துத்தம் 100 கிராமை அரை லிட்டர் நீரிலும், நீற்றுச் சுண்ணாம்பு 100 கிராமை வேறு அரை லிட்டர் நீரிலும் கரைத்து, இரண்டையும் ஒன்றாகக் கலக்க வேண்டும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது. பளபளப்பான இரும்புக் கத்தியைக் கலவையில் தோய்த்துப் பார்க்கவும். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். தயாரித்த அன்றே பூசிவிடுவது நல்லது.