வாடகை வீட்டில் மீன் தொட்டி: கோட்டைக்குள் குடியிருப்பவர்களுக்கு எட்டுப் படிகள்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் வீடு வாடகைக்கு விடுபவர்கள் "நாய், பூனை கூடாது" என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். மீனைப் பற்றிப் பேச்சே வராது. நீங்கள் கேட்ட பிறகுதான் யோசிப்பார்கள். அப்போதும் அவர்கள் பயப்படுவது மீனுக்கு அல்ல, தண்ணீருக்கும் பாரத்துக்கும்தான். இந்த இரண்டுக்கும் பதிலோடு போனால் பெரும்பாலும் சம்மதம் கிடைக்கும்.

1. இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றியுள்ள பழைய அக்ரகார வீடுகளில் மச்சு மரப்பலகையால் ஆனது. அங்கே தொட்டி வைக்கவே கூடாது. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவராக இருந்தால் அதிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வையுங்கள். ஈரம் அந்தப் பக்கம் போகாது. கீழ்த்தளம் உத்தமம். கான்கிரீட் மாடி என்றால் அறையின் நடுவை விட்டுச் சுவரோரமாக வையுங்கள். ஜன்னல் வெயில் நேரே விழுந்தால் பாசி பிடிக்கும்.

2. அளவை முடிவு செய்யுங்கள்

வாடகை வீட்டுக்கு இரண்டடித் தொட்டி போதும். 60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம்; விளிம்பு வரை 54 லிட்டர், வழக்கமாக நிரப்புவது 45 லிட்டர். ஒரு லிட்டர் ஒரு கிலோ. கண்ணாடிக்கு 9 கிலோ, கூழாங்கல்லுக்கு 8 கிலோ சேர்த்தால் 62 கிலோ. அதுவே நாலடித் தொட்டி (120 × 45 × 45 செ.மீ.) என்றால் தண்ணீர் மட்டுமே 240 கிலோவைத் தாண்டும். அது சொந்த வீட்டுக்காரர்களுக்கான ஆசை.

3. பேசிப் பாருங்கள்

வாங்கி வைத்துவிட்டுச் சொல்லாதீர்கள்; சொல்லிவிட்டு வாங்குங்கள்.

"மாமி, கூடத்துல ரெண்டடித் தொட்டி ஒண்ணு வைக்கலாம்னு இருக்கேன். ஒரு ஆள் நிக்கற பாரம்தான். வாரத்துக்கு ஒரு வாளித் தண்ணி போதும். தரை கெட்டா நான் பொறுப்பு, எழுதியே தரேன்."

கரண்ட் பற்றிக் கேட்டால் கணக்கைச் சொல்லுங்கள்: 5 வாட் ஃபில்டர் நாள் முழுக்க ஓடினாலும், 10 வாட் விளக்கு எட்டு மணி நேரம் எரிந்தாலும், இரண்டும் சேர்த்து மாதம் ஆறு யூனிட். புழு, இறால் தீனி எதுவும் பொது ஃபிரிட்ஜுக்குள் போகாது என்று சைவ வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாஸ்து பார்த்து வேறு மூலையைக் காட்டினால், தரை உறுதியாக இருக்கும்வரை ஒத்துக்கொள்ளுங்கள். மீனுக்குத் திசை பேதம் கிடையாது.

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் செல்லப்பிராணிகளுக்கு முழுத்தடை போட முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. ஆனால் அதை வீட்டுக்காரர் முன் ஆயுதமாக நீட்டாதீர்கள். 1965-ஆம் ஆண்டின் கேரளக் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, கட்டடத்தின் மதிப்பைக் கணிசமாகவும் நிரந்தரமாகவும் கெடுப்பது காலி செய்யச் சொல்வதற்கு ஒரு காரணம். பழைய தரையில் மாதக்கணக்காகக் கசியும் தொட்டி அந்த வாதத்துக்கு இடம் கொடுத்துவிடும்.

4. எழுத்தில் வாங்குங்கள்

பதினோரு மாத அக்ரிமென்ட் புதுப்பிக்கும்போது இரண்டு வரி சேர்த்தால் போதும்: "கூடத்தில் இரண்டடி நீளத்துக்கு மிகாத ஒரு மீன் தொட்டி வைக்க உரிமையாளர் சம்மதிக்கிறார். அதனால் தரைக்கோ சுவருக்கோ சேதம் வந்தால் வாடகைதாரர் தம் செலவில் சரிசெய்வார்." இடையில் வாங்குவதானால் வாட்ஸ்அப்பில் ஒரு "சரி" வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தரையையும் சுவரையும் படமெடுத்து அவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

5. கசிவைச் சோதித்து நிறுவுங்கள்

புதுத் தொட்டியைக் குளியலறையிலோ முற்றத்திலோ சமதளமான இடத்தில் நிரப்பி ஒரு நாள் முழுக்க விடுங்கள். ஓரங்களைக் காகிதத்தால் துடைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் ரப்பர், தொட்டிக்கு அடியில் தெர்மோகோல், கீழே விளிம்புள்ள பிளாஸ்டிக் தட்டு. இவையெல்லாம் சாலைக் கடைத்தெருவில் கிடைக்கும். வயர் ப்ளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கிப் பிறகு மேலேற வேண்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்; ப்ளக்கை எட்டாது.

6. தண்ணீருக்கு ஏற்ற மீன்

நகரக் குழாய்த் தண்ணீர் அருவிக்கரையிலிருந்து குளோரின் கலந்து வருகிறது. வாளியில் ஒரு நாள் திறந்து வையுங்கள், அல்லது குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விடுங்கள். கிணற்றுத் தண்ணீரானால் பி.எச். காகிதத்தால் பாருங்கள். செம்பாறை மண்ணில் ஊறும் தண்ணீர் பெரும்பாலும் மென்மையாகவும் சற்று அமிலமாகவும் இருக்கும். ஃபைட்டர், டெட்ரா, ரஸ்போரா அதில் நன்றாக வாழும். மோலிக்கு அது ஆகாது. இந்த ஊர் வெப்பத்துக்கு ஹீட்டர் வேண்டாம்.

தொட்டி வைத்த அன்றே மீன் விடாதீர்கள். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு ஃபில்டரை ஓட விடுங்கள். பிறகு நாலைந்து சிறு மீன்களோடு தொடங்குங்கள். கோல்டு ஃபிஷ், ஆஸ்கர், சக்கர் மூன்றும் குட்டியாக அழகு காட்டிப் பிறகு தொட்டியை மீறி வளரும். 'மிஸ் கேரளா' மீனுக்கு நீளமான தொட்டியும் கூட்டமும் வேண்டும். 2022-இன் வனவிலங்குத் திருத்தச் சட்டம் அதைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்ததால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

7. வாரம் ஒரு நாள் ஒதுக்குங்கள்

வாரம் ஒரு முறை கால்பங்குத் தண்ணீர் மாற்றினால் போதும். குழாய் வைத்து உறிஞ்சி வாளியில் எடுங்கள். வாளி நிரம்பும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். எடுத்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவினால் பாக்டீரியா செத்துவிடும். அதே வாளித் தண்ணீரில் அலசுங்கள். மின்தடைக்குப் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு நாள் ஊருக்குப் போனால் வளர்ந்த மீன்கள் தீனியில்லாமல் தாங்கும். பக்கத்து வீட்டாரிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் ஆபத்து; அன்பு மிகுதியில் அள்ளிப் போட்டுவிடுவார்கள்.

8. காலி செய்யும்போது

தண்ணீரோடு தொட்டியைத் தூக்கினால் ஒட்டு விட்டுப்போகும். மீன்களை மூடியுள்ள வாளியில் மாற்றுங்கள். ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து எடுத்துச் செல்லுங்கள். புது வீட்டில் அதையே பொருத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

வேண்டாத மீனைப் பத்மதீர்த்தக் குளத்திலோ ஆமையிழஞ்சான் ஓடையிலோ விடாதீர்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள நீர்நிலைகளில் அரபைமாவும் அலிகேட்டர் காரும் சிக்கின; வளர்ப்பிடங்களிலிருந்து தப்பிய அந்நிய மீன்கள் அவை. கடைக்காரரிடமோ மீன் வளர்க்கும் நண்பரிடமோ கொடுத்துவிடுங்கள். தரையைத் துடைத்து, நாலாம் படியில் எடுத்த படத்தை வீட்டுக்காரரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, சாவி கொடுக்கும்போதே அட்வான்ஸை வாங்கிக்கொள்ளுங்கள்.