வண்டை அடக்கிய வைரஸ்

தேங்காய், கொப்பரை, எண்ணெய் வியாபாரம் செய்யும் அன்பர்கள் காண்டாமிருக வண்டை அறிவார்கள். குருத்தைத் துளைத்து மரத்தையே பட்டுப்போகச் செய்யும் பூச்சி அது. நெகிரி செம்பிலானில் ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்ட தோட்டங்களில், உளுத்துக் கிடக்கும் அடிமரங்கள் அதன் புழுக்களுக்கு வீடாகின்றன. வண்டு குருத்துக்குள்ளும் புழு கட்டைக்குள்ளும் ஒளிந்திருப்பதால் பூச்சி மருந்து எளிதில் எட்டுவதில்லை.

1909-ல் இலங்கையிலிருந்து சென்ற ரப்பர் கன்றுகளோடு இவ்வண்டு பசிபிக் கடலின் சமோவாத் தீவுகளை அடைந்தது. அங்கே அதை அடக்கும் நோய் இல்லை, தென்னைகள் பாழாயின.

அந்த நோயைத் தேடி வந்தவர் ஜெர்மன் விஞ்ஞானி ஆலோயிஸ் ஹூகர். 1963-ல் இந்நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் நோயுற்ற புழுக்களைக் கண்டார். காரணம் ஒரு புதுவகை வைரஸ் என்று ஆராய்ந்து 1966-ல் வெளியிட்டார். 1967-ல் அதைச் சமோவாவில் பரப்பினார்கள். நோய் கண்ட வண்டு உடனே சாவதில்லை. பறந்து திரிந்து, தன் கழிவினால் மற்ற வண்டுகளுக்கும் புழுக்களுக்கும் நோயைக் கொடுக்கிறது. பகைவனே மருந்தைச் சுமந்து சென்றான்! வண்டுகள் குறைந்தன, தென்னைகள் மீண்டும் தழைத்தன.

ஹூகர் அத்தோடு நிற்கவில்லை. இலை தின்னும் வண்டுகளைக் கொல்லும் பாக்டீரியா வகை ஒன்றையும் 1983-ல் சகாக்களோடு அறிவித்தார்.

ஆயினும் அயர்ந்திருக்கலாகாது. 2007-ல் குவாம் தீவில் காணப்பட்ட வண்டுகளிடம் இவ்வைரஸ் பலிக்கவில்லை. ஆகவே உளுத்த கட்டைகளையும் எருக்குவியல்களையும் தேங்கவிடாதீர்கள். கன்றும் மண்ணும் எருவும் ஏற்றுமுன் சோதியுங்கள். சரக்கோடு போன வண்டுதான் சமோவாவின் செல்வத்தைத் தின்றது.