மாத்தேரா: பாறையைக் குடைந்த பழம்பெரும் நகரம்

இத்தாலி என்றதும் ரோம், வெனிஸ், பிளாரன்ஸ் ஆகிய நகரங்களே நம் நினைவுக்கு வருகின்றன. வரலாற்று மாணவன் என்ற முறையில் என் உள்ளத்தைக் கவர்ந்ததோ அந்நாட்டின் தென்பகுதியில், பசிலிக்காத்தா மாநிலத்திலுள்ள மாத்தேரா ஆகும்.

அங்குள்ள ‘சாசி’ என்னும் குடியிருப்புகள், பள்ளத்தாக்கின் சரிவில் மென்மையான சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து அமைக்கப்பட்டவை. கீழ்வீட்டின் கூரையே மேல்வீட்டிற்கு முற்றமாகவும் தெருவாகவும் பயன்படுகிறது. குடைவரைத் தேவாலயங்களின் சுவர்களில் பழங்கால ஓவியங்களைக் காணலாம். மேட்டின் உச்சியில் 13-ஆம் நூற்றாண்டுப் பேராலயம் ஓங்கி நிற்கிறது.

இவை அனைத்திலும் சிறந்தது நீர்ச் சேமிப்பு முறையே. மழைநீரைக் கால்வாய்களின் வழியே கொணர்ந்து பாறைத் தொட்டிகளில் தேக்கினர். மக்கள்தொகை பெருகியபோது அத்தொட்டிகளும் தொழுவங்களும் வீடுகளாயின. மனிதரும் கால்நடைகளும் ஒரே அறையில் வாழ நேர்ந்தது, நோய்கள் பெருகின. 1945-இல் வெளிவந்த கார்லோ லெவியின் நூல் இந்த அவலத்தை நாடறியச் செய்தது. 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏறத்தாழ 15,000 பேர் புதிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். ‘நாட்டின் அவமானம்’ என்று தூற்றப்பட்ட அதே இடத்தை 1993-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

வறுமை செய்த குற்றத்திற்குப் பாறை பழி சுமந்தது என்பேன். பழங்கட்டடம் ஒன்றை இகழுமுன், அதனுள் வாழ்ந்தோரின் நிலையை ஆராய்வதே வரலாறு பயில்வோர் கடமை என்பது என் துணிபு.