இடையிடையே நின்றுபோகும் கணினி: காரணம் காணும் முறை

கிராமத்து வீடுகளில் கணினி இன்று புதுமைப் பொருளன்று. பிள்ளைகளின் படிப்பு, பால் கணக்கு, பட்டா நகல், பயிர்க்கடன் தாள்கள், சுய உதவிக் குழுவின் வரவு செலவு ஆகிய யாவும் மேசையருகே உள்ள ஒரு பெட்டிக்குள் அடங்கியிருக்கின்றன. அப்பெட்டி நின்றுவிட்டால் வீட்டின் பல காரியங்களும் அதனுடன் நின்றுவிடுகின்றன.

அறவே ஓடாத யந்திரத்தைச் சீர்படுத்துதல் அவ்வளவு கடினமன்று. பழுது கண்முன்னே நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென உறைந்து நின்று, மறுபடி போட்டால் ஒன்றும் நடவாதது போல ஓடுகின்ற கணினியே தொல்லை மிகுந்தது. இதனை 'ஹேங்' ஆதல் என்று யாவரும் வழங்குவர். கடைக்கு எடுத்துச் சென்றால் அங்கே ஒழுங்காக ஓடும். வீட்டிற்கு வந்ததும் மீண்டும் நிற்கும். ஒருவர் ராம் மாற்றச் சொல்வார், மற்றொருவர் எஸ்.எம்.பி.எஸ். மாற்றச் சொல்வார். ஊகத்தின் பேரில் ஒவ்வோர் உறுப்பாக வாங்கி மாற்றினால் கைப்பொருள் கரையுமேயன்றிக் காரணம் தெரியாது. ஆகவே, செலவு செய்யுமுன் காரணம் காணும் முறையை ஈண்டு விளக்குகிறோம். விண்டோஸ் உள்ள மேசைக் கணினிகளுக்கு இது பொருந்தும்.

முதற்காரியம்

பழுதை ஆராயப் புகுமுன், இழக்கக்கூடாத கோப்புகள் யாவற்றையும் பென் டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்கிலோ நகல் எடுத்து வைத்தல் வேண்டும். கணினி நிற்பதற்கு ஹார்டு டிஸ்க் பழுதுபட்டுவருவதும் ஒரு காரணமாகலாம். அவ்வாறாயின் ஒவ்வொரு நாள் தாமதமும் ஆபத்தே. ராம் போனால் கடையில் வாங்கலாம். மூன்றாண்டுக் கணக்கு போனால் எங்கும் வாங்க இயலாது.

நின்றது எது?

அடுத்து, நின்றது முழுக் கணினியா, ஒரு மென்பொருள் மட்டுமா என்று அறிதல் வேண்டும். கீபோர்டில் 'கேப்ஸ் லாக்' விசையை அழுத்திப் பார்க்கலாம். அதன் விளக்கு ஏறி இறங்கினால் கணினிக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று கொள்ளலாம். அப்போது 'கண்ட்ரோல்', 'ஷிஃப்ட்', 'எஸ்கேப்' என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். எந்த மென்பொருள் நிற்கிறது, ராமையும் டிஸ்கையும் எது விழுங்குகிறது என்பதை அதில் காணலாம். டிஸ்கின் உபயோகம் நெடுநேரம் 100 சதவிகிதத்தில் நிற்குமாயின் டிஸ்கையே முதலில் ஐயுறுதல் நலம்.

விளக்கும் மாறாமல், மௌஸும் நகராமல், ஓடிய பாட்டின் ஒலியும் ஒரே சுரத்தில் இழுத்து நிற்குமாயின் முழுக் கணினியும் உறைந்ததாகும். சில நிமிடம் பொறுத்துப் பார்த்தும் பயனில்லையேல், மின் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து நிறுத்தலாம். இது கடைசி வழியே; இவ்வாறு அடிக்கடி நிறுத்துவது கோப்புகளைக் கெடுக்கும்.

குறிப்பேடு

கறவை மாட்டிற்கு நோய் கண்டால் கால்நடை மருத்துவர் என்ன கேட்கிறார்? எப்பொழுது தொடங்கியது, என்ன தின்றது என்றுதானே? கணினிக்கும் அவ்வாறே. ஒரு நோட்டுப் புத்தகத்தில், நிற்கும் ஒவ்வொரு முறையும் ஐந்து செய்திகளை எழுதுக: நாளும் நேரமும், போட்டு எத்தனை நிமிடம் ஆயிற்று, என்ன வேலை நடந்தது, அப்பொழுது மின்சாரம் தடுமாறியதா, அதற்கு முன் புதிதாக எதை மாற்றினோம்.

ஐந்தாறு முறை எழுதியதும் காரணத்தின் திசை புலப்படும். அரைமணி நேரம் ஓடிய பின், பகல் வெயிலில், கனமான வேலையின்போது நின்றால் வெப்பத்தை நோக்குக. கோப்பைத் திறக்கும்போதும் சேமிக்கும்போதும் நின்றால் டிஸ்கை நோக்குக. மோட்டார் ஓடத் தொடங்கும்போதோ விளக்கு மங்கும்போதோ நின்றால் மின்சாரத்தை நோக்குக. புதிய மென்பொருள் ஏற்றிய நாள் முதல் நின்றால் அதனை நோக்குக. எவ்வித ஒழுங்குமின்றி, சும்மா இருக்கும்போதும் நின்றால் ராமையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் ஐயுறுக. இவை குறிகளே, முடிவுகள் அல்ல.

விண்டோஸும் தானே ஒரு குறிப்பேடு எழுதிவருகிறது. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் தட்டினால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' தோன்றும். எந்த நாளில் எது தவறியது என்பதை அது நாள்வாரியாகக் காட்டும். 'ஈவெண்ட் வியூவர்' என்பதில் விரிவான பதிவு உண்டு. அதில் 'கர்னல் பவர் 41' என்று கண்டவுடன் எஸ்.எம்.பி.எஸ். பழுது என்று முடிவு கட்டுவோர் உளர். கணினி முறைப்படி மூடப்படாமல் நின்றது என்பதே அதன் பொருள். நாம் பொத்தானை அழுத்தி நிறுத்தினாலும் அப்பதிவு விழும். 'டிஸ்க்' என்ற பெயரில் 7 அல்லது 153 என்னும் எண்ணுள்ள பதிவுகள் திரும்பத் திரும்ப வருமாயின், டிஸ்கையோ அதன் கேபிளையோ ஐயுற இடமுண்டு.

பழுது எந்தப் பக்கம்?

வன்பொருளா, மென்பொருளா என்று பிரித்தறிய ஒரு நல்ல சோதனை உண்டு. உபுண்டு போன்ற லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். நிறுவாமலே 'டிரை' என்னும் முறையில் அது ஓடும்; டிஸ்கில் உள்ளவற்றைத் தொடாது. அதிலும் கணினி முன்போலவே உறைந்து நின்றால் பழுது பெரும்பாலும் வன்பொருளில் உள்ளது. அதில் பல நாள் ஒழுங்காக ஓடினால், விண்டோஸ், அதன் டிரைவர்கள், ஹார்டு டிஸ்க் ஆகிய மூன்றனுள் ஒன்றைத் தேடுதல் வேண்டும்.

காரணங்கள்

வெப்பம்: வைக்கோல் தூசியும் சமையற் புகையும் கலந்த காற்று நம் வீடுகளில் இயல்பு. இவை விசிறியிலும் அதன் அடியிலுள்ள உலோகத் தகடுகளிலும் கம்பளி போலப் படியும். அண்மைக்காலச் செயலிகளிற் பல 95 முதல் 100 டிகிரி செல்சியஸை அணுகும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதற்குமேல் கணினி அணைந்துவிடும். பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் திறந்து, ஊதும் கருவியால் தூசியை நீக்குக. அப்பொழுது விசிறி சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொள்க. ஈரத்துணி கூடாது. எறும்பும் பல்லியும் புகும் துளைகளையும் கவனித்தல் வேண்டும். காற்று வழிகளை மட்டும் அடைத்துவிடக் கூடாது. பழைய கணினியாயின் செயலியின்மேல் உள்ள தெர்மல் பேஸ்ட் உலர்ந்திருக்கலாம். அதைப் புதுப்பிப்பது சிறு செலவே.

ராம்: 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்னும் சோதனை விண்டோஸிலேயே உண்டு. ஒரே ஒரு பிழை காட்டினும் ராம் அல்லது அதன் துளை ஐயத்திற்குரியதே. பிழை காட்டாமையால் மட்டும் ராம் நல்லதென்று உறுதி ஆகாது. இரவு முழுதும் சோதிப்பது நலம். இரண்டு ராம் இருப்பின் ஒன்றை எடுத்துவிட்டுச் சில நாட்களும், பின்னர் மற்றதை எடுத்துவிட்டுச் சில நாட்களும் ஓட்டிப் பார்க்கலாம். கழற்றி நன்கு அழுத்திப் பொருத்துவதாலேயே தீர்ந்துவிடும் பழுதுகளும் உண்டு. கை வைக்குமுன் பெட்டியின் வெறும் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்க.

டிஸ்க்: தன் நலத்தைத் தானே அளந்து எழுதிவைக்கும் ஏற்பாடு ஹார்டு டிஸ்கிலும் எஸ்.எஸ்.டி.யிலும் உண்டு, 'ஸ்மார்ட்' என்பது அதன் பெயர். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்னும் இலவச மென்பொருள் அதைப் படித்துக் காட்டும். மஞ்சள் எச்சரிக்கை வருமாயின் நகல் எடுத்தாயிற்றா என்று மறுபடி பார்த்துவிட்டு, புது டிஸ்கிற்கு ஏற்பாடு செய்க.

மின்சாரம்: கணினியை மூன்று முனைப் பிளக்கில், எர்த் சரியாக உள்ள இணைப்பில் மட்டுமே பொருத்துதல் வேண்டும். வேறொரு வீட்டிலோ பஞ்சாயத்து அலுவலகத்திலோ அதே கணினியைச் சில நாள் ஓட்டிப் பார்த்தால், குறை கணினியிலா மின் இணைப்பிலா என்பது தெரிந்துவிடும். ஐயமிருப்பின் நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை இரவல் பெற்றுச் சோதிப்பது நலம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை எக்காரணத்தாலும் திறக்கலாகாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதனுள் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கலாம்.

மென்பொருள்: ஒரே கணினியில் இரண்டு வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் இருத்தல் ஆகாது. 'சேஃப் மோட்' என்னும் முறையில் ஓட்டினால் இன்றியமையாதவை மட்டுமே இயங்கும். அதில் நில்லாமல் ஓடி, வழக்கமான முறையில் மட்டும் நின்றால், டிரைவரிலோ தானே தொடங்கும் மென்பொருள்களிலோ குறை இருக்கலாம். படக்காட்சிக்கான கிராஃபிக்ஸ் டிரைவரை முதலில் புதுப்பித்துப் பார்க்கலாம்.

ஒரு முறை, ஒரு மாற்றம்

தூசியையும் துடைத்து, ராமையும் மாற்றி, விண்டோஸையும் புதிதாக ஏற்றி, எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிட்டால், கணினி சரியானாலும் எதனால் சரியாயிற்று என்று தெரியாது. ஒரே வயலில் புது விதையையும் புது உரத்தையும் ஒருங்கே இட்டவன், விளைச்சல் எதனால் கூடிற்று என்று எங்ஙனம் சொல்வான்? ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்து, அதனைக் குறிப்பேட்டில் எழுதுக.

அதன்பின் எத்தனை நாள் காத்திருப்பது? இங்கேதான் பலரும் இடறுகின்றனர். மூன்று நாளைக்கு ஒரு முறை நிற்கும் கணினி, மாற்றம் செய்த மறுநாள் நில்லாமல் ஓடியதில் வியப்பில்லை. மாற்றாமல் விட்டிருந்தாலும் ஓடியிருக்கக்கூடும். ஒரு நாள் மழை பெய்யவில்லை என்பதால் பருவமழை முடிந்தது என்போமா? வழக்கமான இடைவெளியைப் போல் மும்மடங்கு காலம், அதாவது ஒன்பது நாட்களேனும், வழக்கம் போல உபயோகித்தும் நில்லாமல் ஓடினால்தான் குணம் கண்டதென ஓரளவு நம்பலாம். வாரம் ஒரு முறை நிற்பதாயின் மூன்று வாரம் பொறுத்தல் வேண்டும். அதற்குள் மறுபடி நின்றால் அம்மாற்றம் பயன்படவில்லை என்பது தெளிவு. அடுத்ததற்குச் செல்லலாம்.

கடைக்குச் செல்லும்போது கணினியோடு குறிப்பேட்டையும் கொண்டுசெல்க. எது எது சோதிக்கப்பட்டது, எதனால் பயனில்லை என்று எழுத்தில் காட்டினால், பழுது பார்ப்பவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். வீண் உறுப்புகளை வாங்கும் நிலையும் நேராது. மாற்றிய பழைய உறுப்பைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்வதும் நல்லது.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் மொழி. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தங்கள் அலுவலகக் கணினிக்கு இன்றே ஒரு குறிப்பேட்டைத் தொடங்கி வைப்பார்களாயின், ஊரார் அதைக் கண்டு தத்தம் வீட்டிலும் தொடங்குவர். பழுது வரும் நாளில் அந்த நோட்டுப் புத்தகத்தின் அருமை விளங்கும்.