வாகரையில் நாய் வளர்ப்பு: இனத்தின் குணமும் பழக்கும் முறையும்

எந்த நாயின் குணமும், அதன் முன்னோர் எந்த வேலைக்காகத் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்டனவோ அந்த வேலையிலிருந்து தொடங்குகிறது. ஆகவே குட்டி வாங்குமுன், அதற்கு இங்கே என்ன வேலை காத்திருக்கிறது என்று தீர்மானிப்பதே முதற்படி. இலங்கையின் கிழக்குக் கரையோர ஊரான வாகரையில் அந்த வேலைகள் தெளிவானவை: கடற்கரை வாடியில் வலையையும் மீனையும் காப்பது, மாட்டுப்பட்டியில் இரவுக்காவல், சேனைக்குள் பன்றி இறங்கினால் குரைத்து எழுப்புவது, படலையில் அந்நியர் நின்றால் அறிவிப்பது. இவற்றில் எதற்கும் கடிக்கிற நாய் தேவையில்லை. நேரமறிந்து குரைத்து, கூப்பிட்டவுடன் திரும்புகிற நாயே போதும்.

அடுத்தது இனத்தைத் தெரிவது. அல்சேஷன் என்று ஊரில் சொல்லப்படும் ஜேர்மன் ஷெப்பர்ட், 1899 முதல் ஜேர்மனியில் தனி இனமாக வளர்க்கப்பட்ட மந்தை நாய். மிக விரைவாகக் கற்கும்; வேலை கொடுக்காவிட்டால் ஓடுகிற சைக்கிளையும் பிள்ளைகளையும் மந்தையாக எண்ணித் துரத்தும். ரொட்வைலர் மாடு ஓட்டவும் வண்டி இழுக்கவும் பயன்பட்ட பலசாலி. முதன்முறை நாய் வளர்ப்பவர் அதை எடுக்காமல் இருப்பதே நல்லது. லாப்ரடோரின் மூதாதையர் கனடாவின் நியூஃபவுண்லாந்து கரையில் மீனவருக்குத் துணை நின்று, தப்பிய மீனையும் கயிற்றையும் தண்ணீரிலிருந்து கவ்வி வந்தவை. அதனால் கரையோர வாழ்வுக்கு அதன் மனம் பொருந்தும். அடர்ந்த இரட்டை மயிர்ப்போர்வை பொருந்தாது. எல்லோரோடும் சேர்ந்துவிடுவதால் காவலுக்கும் ஆகாது. விருதுநகர் மாவட்டத்து இராஜபாளையம் நாய் பன்றி வேட்டையில் பெயர் எடுத்தது. 2005இல் இந்திய அஞ்சல் தலையிலும் இடம்பெற்றது. வீட்டாரோடு மட்டும் ஒட்டும், அந்நியரை ஏற்காது. இந்த வெள்ளை இனத்தில் செவிட்டுக் குட்டிகளும் பிறப்பதுண்டு. வாங்குமுன் குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பார்க்க வேண்டும்.

வாகரையின் வெயிலுக்கும் வேலைக்கும் மிகப் பொருத்தமானது ஊர் நாய்தான். குட்டை மயிர், நடுத்தர உடம்பு, எச்சரிக்கை மிகுந்த இயல்பு ஆகிய மூன்றும் அதற்கு இயற்கையாகவே அமைந்தவை. விலை கொடுத்து வாங்கிய நாய்க்குக் கொடுக்கும் பயிற்சியில் பாதியை ஊர் நாய்க்குக் கொடுத்தாலே அதன் திறமை தெரிந்துவிடும். இனத்தின் பெயரை மட்டும் நம்பவும் முடியாது. பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்ட நாய்களை வைத்து 2022இல் அமெரிக்காவில் வெளியான மரபணு ஆய்வு, தனித்தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 சதவீதத்தையே இனம் விளக்குகிறது என்று கண்டது. முடிந்தால் தாய் நாயைப் பார்த்து, அது ஆட்களிடம் எப்படி நடக்கிறது என்று கவனிப்பது பெயரைவிடப் பயன் தரும்.

குட்டியைத் தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன் பிரிக்கக் கூடாது. மூன்றாம் வாரம் முதல் பதினான்காம் வாரம் வரை காண்பவற்றை நாய் எளிதில் இயல்பானதாக ஏற்றுக்கொள்ளும். அந்தக் காலம் திரும்ப வராது. மாடு, மோட்டார் சைக்கிள், வலை இழுக்கும் கூட்டம், கோயில் மேளம், குழந்தைகள் எல்லாம் அதற்குள் பழக்கமாக வேண்டும். தடுப்பூசிகள் முடியும்வரை பிற நாய்கள் திரியும் நிலத்தில் விடாமல், கையில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாம். விசர்நாய் நோய்த் தடுப்பூசியைக் கால்நடை வைத்தியர் சொல்லும் வயதில் போட்டு, வருடந்தோறும் தொடர வேண்டும்.

கற்பிப்பதில் முதலிடம் ‘வா’ என்ற சொல்லுக்கு. காட்டோரக் கிராமங்களில் இதுவே உயிர்காக்கும் பாடம். பழகாத நாய் யானையைக் கண்டால் குரைத்துச் சீண்டிவிட்டு, பயந்ததும் தன் ஆளிடமே ஓடிவரும். யானையும் பின்னால் வரும். பயிற்சியை வளவுக்குள், பத்து மீற்றர் கயிற்றில் தொடங்க வேண்டும். பெயரையும் ‘வா’வையும் ஒரே தொனியில் ஒருதடவை மட்டும் சொல்லி, வந்ததும் முள் நீக்கிய அவித்த மீன் துண்டு கொடுக்க வேண்டும். கருவாடு உப்பு மிகுந்தது, அது வேண்டாம். ஒருதடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை போதும். வளவில் தவறாமல் வந்தபின் ஆளில்லாத கடற்கரை, அதன்பின் மாடுகள் தெரியும் இடம் என்று கடினத்தைக் கூட்டலாம். கூப்பிட்டு வந்த நாயை எக்காரணத்துக்கும் அடிக்கவோ ஏசவோ கூடாது. ஒருமுறை அடித்தாலும் அடுத்தமுறை அது தூரத்திலேயே நிற்கும். மாட்டுக்கு முன்னாலும் கயிறு தளர்வாக இருக்கும்போதே திரும்பி வருகிற நாயை மட்டுமே அவிழ்த்துவிடலாம்.

‘விடு’ என்பது அடுத்த பாடம். வாடியில் மீனைக் கவ்வாமலிருக்கவும் பாம்பை விட்டு விலகவும் இது உதவும். மூடிய கையில் உணவை வைத்து, நாய் முகத்தை விலக்கும் கணத்தில் மற்றக் கையால் வேறு துண்டு கொடுத்துப் பழக்கலாம். காவல் குரைப்பைத் தனியாகக் கற்பிக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று குரைப்புக்குப் பின் ‘போதும்’ என்று நிறுத்தப் பழக்கினால் சரி. பகல் முழுதும் சங்கிலியில் கிடக்கும் நாய் நல்ல காவல்காரன் ஆகாது, கடிக்கிற நாயாகும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் பயிற்சி விடியற்காலையிலும் பொழுது சாய்ந்தபின்னும்தான். புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியாத தார் வீதியில் நாயை நடத்தக் கூடாது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பது மிகுந்தால் நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை நனைத்து, தண்ணீர் குடிக்கவிட வேண்டும்.

பழக்கிய நாயும் கடிக்கக்கூடும். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கடித்த நாயைக் கொல்லாமல் கட்டி வைத்துப் பத்து நாள் கவனிப்பது சிகிச்சையைத் தீர்மானிக்க வைத்தியருக்கு உதவும்.